பூச்சு செப்பம் ஆகாது

பழுதுற்ற ஒன்றைப் பழுதில்லாதது போலத் தோன்றச் செய்வது வேறு. அப்பழுதையே நீக்குவது வேறு. முன்னது ஒப்பனை; பின்னது செப்பம். ஒப்பனைக்கு ஒரு நாள் போதும். செப்பத்திற்கு ஓராண்டும் போதாமற் போகலாம். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் இன்று எங்கும் மலிந்துள்ளது. நிலத்தில் அம்மயக்கம் பொருளிழப்போடு போகும். நீரிலோ உயிரிழப்பில் முடியும். பழைய அலுமினிய விசைப்படகு ஒன்றைப் பற்றி யான் எழுதப் புகுந்தது இதனை உணர்த்துதற்கே.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இங்கிலாந்தின் கீழைக்கரையிலுள்ள நார்போக்குப் பகுதியில் குடும்பத்தோடு வாழ்கின்றார். ஆறுகளும் ஏரிகளும் பின்னிக் கிடக்கும் நீர்நாடு அது. அங்கே 1950-களில் கட்டப்பெற்ற தறைப்படகு ஒன்றை அவர் விலைக்கு வாங்கினார். ‘முற்றும் புதுக்கியது’ என்று விற்றவர் உறுதி சொன்னாராம். கண்ணாடிபோல் மின்னிய படகில் துணைவியாரையும் மகளையும் ஏற்றிக்கொண்டு ஏரியின் நடுவுக்குச் சென்ற சிறிது நேரத்திற்குள் கணுக்கால் அளவு நீர் ஏறிவிட்டது. கரை அண்மையில் இருந்தமையால் மூவரும் பிழைத்தனர். பின்னர்த் தளப்பலகையைப் பெயர்த்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. தளர்ந்த ஆணிகளின்மேல் பசை, பசையின்மேல் பூச்சு, பூச்சின்மேல் மெருகு. கழன்ற ஆணிகளுக்கு மாற்றாக இரும்புத் திருகாணிகள்! அவற்றைச் சுற்றி அலுமினியத் தகடு வெள்ளை மாவாகப் பொரிந்து கிடந்தது.

தறைப்படகு என்றதும் திகைக்க வேண்டா. நம் அடுக்களையிலுள்ள வாணலியின் காதைப் பாருங்கள். காதையும் சட்டியையும் ஊடுருவிச் செல்லும் ஆணி ஒன்று இருபுறமும் தலை விரிந்து இரண்டையும் இறுகப் பற்றியிருக்கும். அதுவே தறையாணி. தறைதல் என்பது ஆணியை அடித்து மடக்கி இறுக்குதலைக் குறிக்கும் நம் பழஞ்சொல். திருகாணியைக் கழற்றி மாட்டலாம். தறையாணியைத் தலையறுத்தாலன்றிக் கழற்ற இயலாது. அத்தகைய ஆணிகள் வரிசை வரிசையாக நின்று, மெல்லிய தகடுகளையும் விலாச் சட்டங்களையும் ஓருடலாகப் பிணைத்தால் அது தறைப்படகு.

இப்படகுகள் தோன்றிய வரலாறு சுவையானது. 1886-இல் அமெரிக்காவில் ஆலும், பிரான்சில் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல், மின்னாற்றலால் அலுமினியத்தைப் பிரிக்கும் ஒரே வழியைக் கண்டனர். அதுவரை அருமாழையாக இருந்தது எளிமாழையாயிற்று. 1890-களின் தொடக்கத்திலேயே சுவிட்சர்லாந்தின் சூரிக்கு நகரத்து எசர் வைசு தொழிலகம் அலுமினியத்தால் விசைப்படகுகளைக் கட்டிக் காட்டியது. எனினும் இம்மாழை நீருக்குப் பெருவரவாக வந்தது இரண்டாம் உலகப்போருக்குப் பின்னரே. அமெரிக்காவின் கிரம்மன் தொழிலகம் ‘எல்கேட்டு’ என்னும் போர் வானூர்திகளை மட்டும் 12,275 கட்டியது. அத்தொழிலகத்தின் துணைத்தலைவர் ஆப்மன் என்பார் 1944-இல் மலைக்காட்டு ஏரிகளுக்கிடையே மரத்தோணி ஒன்றைத் தோளிற் சுமந்து களைத்து, வானூர்திக்கு ஆகும் தகடு தோணிக்கு ஆகாதா என எண்ணினார். போர் ஓய்ந்ததும் அதே தகட்டையும் அதே தறைத்தொழிலையும் கொண்டு கிரம்மன் தோணிகள் பிறந்தன. இங்கிலாந்திலும் கிரேட்டு யார்மவுத்து நகரில் ‘அல்பட்ராசு’ என்னும் விசைப்படகுகள் வானூர்தி கட்டும் முறையிலேயே தறையப்பெற்று, போர்டு சிற்றுந்தின் 1172 கன செண்டிமீட்டர்ப் பொறி பூட்டப்பெற்று, 1950-களில் நீரைக் கிழித்தோடின. அத்தொழில் நின்று நெடுநாளாயிற்று. படகுகள் பல இன்றும் மிதக்கின்றன. கொல்லுதற்குக் கருவி செய்த கை, போர் ஓய்ந்தபின் மகிழ்தற்குக் கலம் செய்தது. அதனாலேயே அவை போற்றத்தக்கன.

இனி, மாணவர்தம் படகை அரித்தது எது? நீர் அன்று, ஒவ்வாக் கூட்டு. இரு வேறு மாழைகள் தொட்டுக்கொண்டு உவர்நீரில் நனைந்தால் அவற்றிடையே மின்னோட்டம் எழும். இரண்டனுள் எளிதில் இளகுவது தன்னையே கரைத்துக்கொள்ளும். அலுமினியம் அத்தகையது. அது காற்றுப்பட்டதும் தன்மேல் தானே மெல்லிய காப்புத்தோல் ஒன்றைப் போர்த்துக்கொள்ளும். தனித்து விடின் நெடுங்காலம் வாழும். ஆனால் செம்போடும் வெண்கலத்தோடும் இணைத்தால் அழியும். இரும்போடு இணைத்தாலும் ஈரத்தில் நலிவெய்தும். படகின் அடியில் தவறி விழுந்து ஈரத்தில் கிடக்கும் செப்புக்காசு ஒன்றே நாளடைவில் தகட்டைத் துளைத்துவிடும்!

இதற்கு வரலாறு காட்டும் சான்று ஒன்றுண்டு. 1895-இல் ‘அமெரிக்கா கோப்பை’ப் பாய்க்கலப் போட்டிக்கென எரசாபு என்னும் பெருந்தச்சர் ‘டிபெண்டர்’ என்னும் கலத்தைக் கட்டினார். நீர்மட்டத்திற்குக் கீழே வெண்கலத் தகடு. மேலே அலுமினியத் தகடு. உள்ளே எஃகுச் சட்டம். எடை குறைந்தது, விரைவு கூடியது, கோப்பையும் கிடைத்தது. ஆயின் அம்மூன்று மாழைகளும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கின. 1901-இல் அக்கலம் உடைக்கப்பட்டது. தனித்தனியே மூன்றும் நல்ல மாழைகளே. கூட்டே கேடாயிற்று. வென்றது ஒரு பருவம், வீழ்ந்தது முற்றும். புறத்தே பெற்ற வெற்றியைக் கண்டு அகத்தே நிகழும் அரிப்பை மறப்பார்க்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

‘ஐயா, பழைய மாழை விலைக்குப் போட்டுவிடலாமென்று இருக்கிறேன்’ என்று மாணவர் தொலைப்பேசியில் வருந்தியபோது, ‘விற்பது எப்போதும் இயலும், செப்பனிட முயன்றபின் விற்கலாமே’ என்றேன். அவர் முயன்றார். இரண்டு பனிக்காலங்கள் சென்றன. அவர் செய்தவற்றை முறையாகச் சொல்வேன். செப்பம் என்பது யாதென அதனால் விளங்கும்.

முதற்கண் படகைத் தாங்குகட்டைகளின்மேல் நன்கு பொருத்தி, அதனுள்ளே சில விரற்கடை உயரத்திற்கு நீர் வார்த்தார். புறத்தே நீர் கசிந்த ஒவ்வோர் ஆணியையும் சுண்ணக்கட்டியால் குறித்தார். நீரை வடித்தபின், ஊறிப்போன பழைய பலகைகளை அகற்றினார். பழம்பூச்சை நீக்கக் கடுங்காரம் பயன்படுத்தவில்லை. காரம் அலுமினியத்தையே கரைத்துவிடும். இரும்புக்கம்பித் தூரிகையும் தொடவில்லை. அதன் துகள் தகட்டில் பதிந்து நின்று அரிப்புக்கு வித்தாகும். தளர்ந்திருந்த ஆணிகளை மீண்டும் அடித்து இறுக்கினார். தேய்ந்துபோனவற்றின் தலையைத் துளைத்தெடுத்து, துளை அகன்றிருந்தால் சற்றுப் பருத்த ஆணியைச் செலுத்தினார். பிளவுற்ற தகட்டில் பிளவின் முனைகளில் சிறு துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, உள்ளிருந்து அதே வகைத் தகட்டால் ஒட்டுத் தறைந்தார். பற்றவைத்து அடைத்தால் எளிதன்றோ எனலாம். ஆனால் பதமேற்றிய தகடு, பற்றவைக்கும் சூட்டில் வலிவு குன்றும். அனைத்தும் முடிந்து, மீண்டும் நீர் வார்த்துப் பார்த்துச் சொட்டுக் கசிவும் இல்லையென்று கண்டபின்னரே அடிப்பூச்சு பூசினார்; அதன்பின்னரே மேற்பூச்சு. விற்றவர் எதனில் தொடங்கினாரோ, அதனில் இவர் முடித்தார். ஒப்பனைக்கும் செப்பத்திற்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே!

இன்னொன்று. கட்டித் தறையாணியைப் பெரும்பாலும் ஒருவரே அடித்து முடிக்க இயலாது. புறத்தே ஒருவர் அடிக்க, அகத்தே ஒருவர் கனத்த இரும்புக்கட்டியை ஆணியின் முனையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடிப்பவர் பிடிப்பவரைக் காணார். ஒலியே இருவர்க்கும் மொழி. மாணவர் அடிக்க, அவர் துணைவியார் படகின் உள்ளே குனிந்தமர்ந்து கட்டி பிடித்தாராம். ஒருவரே எளிதில் இழுத்துப் பொருத்தும் புழையாணிகளும் இன்று உள்ளன. கை புகாத இடத்தில், முனை மூடிய வகையாயின் அவற்றைக் கொள்ளலாம். முனை திறந்த வகையோ நடுப்புழை வழியே நீரை உள்ளே விடும். எளிது என்பதற்காகவே அவ்வகையை நீர்மட்டத்தின் கீழ் வைப்பவர், ஏறி அமர்வோரின் உயிரை எளிதாக எண்ணுபவரே ஆவார்.

‘பழைய படகை உருக்கினால் என்ன? அலுமினியம் அழியாதே’ என்று சிலர் கேட்பர். மெய்தான். உருக்கி மீண்டும் வார்ப்பதற்குத் தாதுவினின்று புதிதாகப் பிரிப்பதற்காகும் ஆற்றலில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே வேண்டும். செப்பனிடவே முடியாதவாறு அரிக்கப்பட்டதை உருக்குவதே முறை. ஆயின் உருக்கும் உலையில் மாழை மீளும், கைத்திறன் மீளாது. எந்த ஆணி எங்கு ஏன் வைக்கப்பட்டது என்னும் அறிவு, அப்படகின் உடலிலேதான் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்துப் படித்தறிந்து மீண்டும் கோப்பவரே அவ்வறிவுக்கு அடுத்த உரிமையாளர். ஏடு அழிந்தால் படியெடுக்கலாம்; படிக்கத் தெரிந்தவரும் அழிந்துவிட்டால் என் செய்வது?

‘ஆணியெல்லாம் மாற்றியபின் அது பழைய படகாகுமோ?’ என்பது மற்றொரு வினா. மாற்றியது எவ்வளவு என்பதன்று கேள்வி. எதனால், எவ்வாறு மாற்றினர் என்பதே கேள்வி. இனத்திற்கு இனமான மாழை, முறைக்கு முறையான தறைவு, அமைப்பிற்கு மாறாத வடிவு என்றிவை நிலைத்தால், ஆணி நூறு மாறினும் படகு அதுவே. இவை மாறினால், ஓர் ஆணி மாறினும் படகு வேறே.

ஆகவே, பழம்பொருளைப் புதுக்க விழைவார்க்கு யான் கூறுவன மூன்று. முதலில் கசிவைக் காணுங்கள். காணும்வரை பூச்சைத் தொடாதீர்கள். இனத்தை இனத்தோடு சேருங்கள். கிடைத்ததையெல்லாம் இட்டு நிரப்பாதீர்கள். உள்ளே கட்டி பிடிக்க இளையவர் ஒருவரை அமர்த்திக் கொள்ளுங்கள். நாளை அவர் புறத்தே நின்று அடிப்பார்.

சென்ற கோடையில் அப்படகு மீண்டும் நீரில் இறங்கியதாம். மெருகு முன்போல் இல்லை. ஒட்டுத் தறைந்த வடுவும் வெளியே தெரிகின்றது. மாணவரின் மகள் தளப்பலகையைத் தூக்கி உள்ளே கைவிட்டுப் பார்த்து, ‘காய்ந்திருக்கிறது, அப்பா’ என்றாளாம். அவ்வொரு சொல்லே செப்பத்திற்குச் சான்று.