கிரீஸ் அல்ல, எண்ணெய்

“சாமி, இந்தக் கிழட்டுக் காருக்கு இத்தனை உபசாரம் தேவைதானா?” என்று நம் பங்கு மக்களுள் ஒருவர் அண்மையில் நகைத்துக்கொண்டே வினவினார். வினா நியாயமானதே. விடையைச் சற்று விரிவாகக் கூற விழைகின்றோம். ஏனெனில் அதில் நம் தவறு ஒன்றும் அடங்கியுள்ளது.

கொட்டகையில் நிற்பது நம் தந்தையார் 1970இல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் ட்ரையம்ப் ஹெரால்டு என்னும் பெயருடன் வெளிவந்த சிறு கார் இது. இதன் உருவை வரைந்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி என்னும் இத்தாலியர். 1961 முதல் இது சென்னையிலும் தயாராயிற்று. நான்கு கதவு கொண்ட ஹெரால்டு நம் நாட்டிலன்றி வேறெங்கும் பிறக்கவில்லை. எஞ்சினின் கொள்ளளவு 948 சி.சி. மட்டுமே. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாதிருக்கும் ஊர்தியை ‘விண்டேஜ்’ எனப் பதிவு செய்துகொள்ள மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. நம் ஹெரால்டு அந்த வயதையும் தாண்டிவிட்டது.

இது இன்றும் ஓடுவதற்கு ஒரு காரணம் உண்டு. அக்காலத்தில் புதிய கார்களின் உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகவே இணைத்துச் செய்யப்படலாயின. அத்தகைய உடல்களைச் செய்து தந்த ஆலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விடவே, ஹெரால்டைச் செய்தவர்கள் பழைய முறைக்குத் திரும்பினர். தனிச் சட்டத்தின்மேல் பகுதி பகுதியாக உடலைப் போல்ட்டுகளால் முடுக்கினர். வேறு வழியின்றிச் செய்த அந்த ஏற்பாடே இன்று நமக்கு வரமாகிவிட்டது. கழற்றலாம், மாற்றலாம், மீண்டும் பூட்டலாம். பானட்டை முன்புறமாகச் சாய்த்துவிட்டால், முன் சக்கரத்தின் டயர்மீது அமர்ந்தபடியே எஞ்சினைப் பழுது பார்க்கலாம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, இத்தகைய கார்களை வைத்திருப்போர் ஆறேழு பேர் நம் கொட்டகையில் கூடுவர். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், பல் மருத்துவர் ஒருவர், கணினித் துறை இளைஞர் இருவர், அனைவருக்கும் ஆசானாக மெக்கானிக் பாய். ஒருவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவார். மற்றவர் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து பாயிண்ட்டின் இடைவெளியைச் சரிபார்ப்பார். கூலி ஏதுமில்லை, தேநீர் மட்டும் உண்டு. பழுது நீங்கி எஞ்சின் உயிர்பெறும் கணத்தில், முதியவரும் சிறுவர்போல் முகம் மலர்வதைக் காண வேண்டும்!

இனி நம் தவற்றுக்கு வருவோம். ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் மரை வெட்டப்பட்டிருக்கும். அது பித்தளைக் கூடு ஒன்றினுள் திருகப்பட்டிருக்கும். ட்ரன்னியன் என்பது அக்கூட்டின் பெயர். ஸ்டியரிங்கைத் திருப்புந்தோறும் தண்டு அம்மரையிலேயே திரும்பும். இவ்விடத்திற்குக் கிரீஸ் ஆகாது. 90 எண் கியர் ஆயிலையே உட்செலுத்த வேண்டும். பாய் இதனைப் பலமுறை கூறியிருந்தார். நாமும் தலையசைத்தோம். ஆயினும் மூன்று ஆண்டுகளாக, “எல்லா இடத்திலும் கிரீஸ் அடித்துவிடுங்கள்” என்றே பணித்து வந்தோம். அதுதான் எளிதாயிருந்தது.

ஒரு மழைநாள் மாலை, நம் தங்கையின் மகளும் அவளது கைக்குழந்தையும் பின்னிருக்கையில் இருந்தனர். வீட்டு வாயிலில் நுழைய ஸ்டியரிங்கை முழுமையாகத் திருப்பினோம். ‘படீர்’ என்றொரு ஓசை. தண்டு முறிந்து, சக்கரம் உட்புறம் மடங்கிக் கார் தரையில் அமர்ந்துவிட்டது. எவருக்கும் காயமில்லை. ஆனால் பத்து நிமிடங்களுக்கு முன்புதான் நெடுஞ்சாலையில் லாரிகளிடையே வந்திருந்தோம். அன்றிரவு நமக்கு உறக்கமில்லை.

மறுநாள் பாய் கழற்றிப் பார்த்தார். வெளியே கிரீஸ் பளபளத்தது. உள்ளே மரை முழுதும் வறண்டு துருவேறியிருந்தது. “கிரீஸ் வாசலோடு நின்றுவிட்டது, சாமி, உள்ளே போகவில்லை” என்றார். கடிந்துகொள்ளவில்லை, கடிந்திருந்தால் நமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

புதுத் தண்டுக்கு எங்கே போவது? காரைத் தயாரித்த நிறுவனமே இன்று இல்லை. மூன்றாம் நாள் ரயில்வே நண்பர், செய்தித்தாளில் சுற்றிய பொதி ஒன்றுடன் வந்தார். அவருடைய ஹெரால்டு எஞ்சின் இன்றி வேப்பமரத்தடியில் நெடுங்காலமாக நிற்கிறது. மறைந்த அவர் துணைவியார் ஓட்டப் பழகிய கார் அது; அதனை மீண்டும் ஓடச் செய்வது அவரது ஆசை. அதிலிருந்தே இருபக்கத் தண்டுகளையும் கூடுகளையும் கழற்றிக் கொணர்ந்திருந்தார். நாம் மறுத்தோம்.

“ஓடுகிற வண்டியில் இருக்கட்டும், சாமி. எண்ணெய் விட மட்டும் மறந்துவிடாதீர்கள்” என்றார்.

பாய் அவற்றில் விரிசல் உண்டா எனத் துருவிப் பார்த்துப் பூட்டித் தந்தார். அன்றுமுதல் தவறாமல் ஆயில் கன்னுடன் காரடியில் படுக்கின்றோம். பழைய எண்ணெய் கசிந்து வெளியேறும்வரை புதியதைச் செலுத்துகின்றோம். பத்து நிமிட வேலைதான்.

நம் இல்லங்களிலும் இவ்வாறன்றோ நிகழ்கிறது? திருமண நாளுக்குப் பட்டுச்சேலை, பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு என வெளிப்பளபளப்புக்குக் குறைவில்லை. “இன்று உடம்புக்கு எப்படியிருக்கிறது?” என்னும் ஒரு சொல்தான் உள்ளே செல்வதில்லை. வறட்சி வெளியே தெரிவதுமில்லை, முறியும்போதுதான் தெரிகிறது.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தங்கள் வீட்டுக் கொட்டகையிலோ தோட்டத்திலோ பழைய ஹெரால்டு கிடக்குமாயின், காயலான் கடைக்கு அனுப்புமுன் நமக்கு ஒரு வரி எழுதுங்கள். வேப்பமரத்தடியில் ஒரு கார் முன் சக்கரங்களின்றிக் காத்திருக்கிறது. அந்தக் கடனை நாம் இன்னும் தீர்க்கவில்லை.