‘எஃப்’ வேணாம், ஸ்டெப்னி வேணும்

ரிச்சி தெருவுல கொட்டேஷன் வாங்கியாச்சா? பிராசசர் பேரோட கடைசி எழுத்தை ஒரு தடவை பாருங்க. இன்டெல்லில் அது ‘எஃப்’ என்று முடிந்தால் அந்தச் சிப்பில் கிராபிக்ஸ் வேலை செய்யாது. தனி கார்டு செருகினாலும் மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ போர்ட் வெறும் ஓட்டைதான்.

2019-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை சிப்களிலிருந்து இந்த ‘எஃப்’ இருக்கிறது. ஐ5-12400, ஐ5-12400எஃப் இரண்டையும் எடுத்துக்கோங்க. அதே 6 கோர், அதே வேகம், அதே கேஷ். அறிமுக விலை 192 டாலர், 167 டாலர். “அந்த 25 டாலரை மிச்சம் பிடிச்சு எஸ்எஸ்டியில போடு” என்பதுதான் யூட்யூப் அண்ணன்கள் எல்லாரும் சொல்லும் அட்வைஸ். அவங்க டேபிள்ல நாலு கார்டு சும்மா கிடக்கும் பாஸ். உங்ககிட்ட இருக்கப்போறது ஒரே பிசி, அதுவும் அப்பா சீட்டு எடுத்துக் கொடுத்த காசுல.

கார்டு ஒருநாள் படுத்துரும்னு வைங்க. வாரன்டிக்கு அனுப்பினால் திரும்பிவர வாரக்கணக்கில் ஆகலாம். அதுக்குள்ள புராஜெக்ட் ரிவ்யூ வரும், பிளேஸ்மென்ட் ஆன்லைன் டெஸ்ட் வரும். சிப்பிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டைக் கழற்றிட்டு கேபிளை மதர்போர்டில் மாட்டினால் போதும், வேலை ஓடும். டிஸ்பிளே வரலைன்னா கோளாறு கார்டிலா, ரேமிலா என்று கண்டுபிடிக்கவும் அதுதான் வழி.

இன்னொரு விஷயம், முதல் வருஷத்திலேயே கார்டு எதுக்கு? பைதான், மேட்லேப், 2டி ஆட்டோகேட் எல்லாம் சிப் கிராபிக்ஸிலேயே ஓடும். இன்டர்ன்ஷிப் ஸ்டைபெண்ட் வந்ததும் கார்டு வாங்கிக்கலாம். 2021-இல் மைனிங்கும் சிப் தட்டுப்பாடும் சேர்ந்து கார்டு விலை எகிறியபோது, நிம்மதியாகக் காத்திருக்க முடிந்தது சிப்பில் கிராபிக்ஸ் இருந்தவர்களால்தான். ஆனா அது உங்க ரேமைத்தான் கடன் வாங்கும். அதனால 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வேண்டாம், 8 ஜிபி ரெண்டா போடுங்க.

மெஷின் லேர்னிங் பண்றவங்களுக்கு கூடா இருக்கும் என்விடியா கார்டுதான் தேவை, ஒத்துக்கிறேன். அப்பவும் மானிட்டரை மதர்போர்டில் மாட்டினால் கார்டின் மெமரி முழுசா டிரெயினிங்குக்கே கிடைக்கும்.

ஏஎம்டி பக்கம் மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். ரைசன் 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, ஆனா எல்3 கேஷ் 16 எம்பிதான், 5600-இல் 32. பிசிஐஇ-யும் 4.0-க்குப் பதில் 3.0. கேமிங் கார்டு அன்னைக்கே வாங்குறீங்கன்னா 5600 எடுக்கலாம், இல்லைன்னா ஜி. ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலான சிப்களில் ஏஎம்டியே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் வைத்துவிட்டது. கேமுக்கு ஆகாது, ஸ்டெப்னிக்கு ஆகும். அங்கேயும் 7500எஃப் மாதிரி இல்லாதது உண்டு, பார்த்து வாங்குங்க.

கடையில் “எஃப் மட்டும்தான் ஸ்டாக் இருக்கு தம்பி” என்பார்கள். “சரிண்ணா, ரெண்டு நாள் கழிச்சு வரேன்”னு சொல்லிட்டு அடுத்த கடைக்குப் போங்க.