விற்பனைக்கூடம் வேண்டாமா?

ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களை ஒழித்துவிட்டால் உழவனுக்கு நல்ல விலை கிடைக்கும் என வாதிடுவோர் உளர். பீகார் 2006-இல் அதற்கான சட்டத்தையே நீக்கிப் பார்த்தது. அங்கே இன்றும் நெல் பல இடங்களில் ஆதரவு விலைக்குக் கீழேதான் வியாபாரியிடம் போகிறது. கூடங்களுக்கு வெளியே தாராள வணிகம் என்ற 2020-ஆம் ஆண்டு மையச் சட்டமும் 2021-இல் திரும்பப் பெறப்பட்டது.

நம் கீழ்பென்னாத்தூர்க் கூடத்தைப் பாருங்கள், நண்பர்களே! மறைமுக ஏலத்தில் வியாபாரிகள் தனித்தனியே விலை எழுதிப் போடுகிறார்கள். கூடிய விலை எதுவோ அதற்கே நெல். களத்துமேட்டுக்கு வரும் தரகரோ விலையும் தாமே சொல்வார், எடையும் தாமே போடுவார்!

குறை இல்லாமலில்லை. வேறோரிடத்தில் எங்கள் மூட்டைகள் இரண்டு நாள் காத்துக்கிடந்து மழையில் நனைந்தன. மீண்டும் உலர்த்திக் குறைந்த விலைக்கே விற்றோம். அப்போதும் என் தந்தையார் கேட்டது ஒரு தார்ப்பாய்தான்.