பரவிவிட்டால் வீட்டோடு வைத்துக்கொள்வதா?

"மார்புல வந்த புத்து எலும்புக்குப் போயிடுச்சாம். இனி ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு என்ன பிரயோசனம், வீட்டோட வெச்சுப் பாத்துக்குவோம்." பெரம்பலூர், அரியலூர் பக்கம் கேட்கிற இந்தப் பேச்சு பாசத்தில் பிறப்பதுதான். ஆனாலும் தவறு. அதற்குச் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"கத்தி வெச்சதாலதான் பரவுச்சு." இல்லை. புற்றுச்செல்கள் ரத்தத்திலும் நிணநீரிலும் கலந்து எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளைக்குப் போவது நோயின் குணம். ஆபரேஷனுக்கு முன்பே போய்ப் பதுங்கியவை பல வருஷம் கழித்தும் தலைகாட்டும். லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் நேர்ந்த 735 மரணங்களின் பதிவுகளை ஆராய்ந்து, விதை எங்கு விழுந்தாலும் ஒத்துவரும் மண்ணில்தான் முளைக்கும் என்று 1889-லேயே எழுதினார். கரிசலில் பருத்தி போடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தாலும் பரவிவிடும் என்று பயந்து, பச்சிலை கட்டிக் காத்திருக்கும் மாதங்களில்தான் ஆபத்து.

"இது எலும்புப் புத்து, வேற வியாதி." எலும்பில் இருப்பதும் மார்பகச் செல்தான். அதனால்தான் மார்பகப் புற்றுக்கான மருந்தே அங்கும் வேலை செய்கிறது. ஹார்மோனால் வளரும் வகை என்றால் தமாக்சிஃபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளே பலருக்கு நோயை வருஷக்கணக்கில் அடக்கிவைக்கின்றன. எந்த வகை என்று தெரிய அந்தச் சதைப் பரிசோதனை வேண்டும்.

"ஆபரேஷனே வேணாம்னுட்டாங்க, கைவிட்டுட்டாங்க." பலரும் மனமுடைந்து போவது இந்த இடத்தில்தான். மும்பை டாடா நினைவு மருத்துவமனை, கண்டுபிடிக்கும்போதே நோய் பரவியிருந்த 350 பெண்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2015-ல் முடிவை வெளியிட்டது. மார்புக் கட்டியை அகற்றியதால் ஆயுள் கூடவில்லை. உடம்பெங்கும் போகிற மருந்துதான் இங்கே முதல் சிகிச்சை. கத்தி வேண்டாம் என்ற டாக்டர் கைவிடவில்லை.

"மருந்தே இல்ல." முழுசாகக் குணமாக்குவது பெரும்பாலும் முடியாது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் நோயை அடக்கலாம், வலியைக் குறைக்கலாம். சின்ன வெங்காயம் ஆய உட்கார்ந்து உட்கார்ந்து வந்த முதுகுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கு, முன்பு மார்பகப் புற்று இருந்து, ராத்திரி படுத்தாலும் வலி விடவில்லை என்றால் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். கால் மரத்தாலோ, தளர்ந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ அன்றைக்கே கிளம்ப வேண்டும். தண்டுவடம் நசுங்கினால் ஒரு நாள் தாமதம்கூட நடையைப் பறித்துவிடும். எலும்பு வலிக்குப் பல சமயம் ஒரே ஒரு முறை தரும் கதிர்வீச்சு போதும். கடும் வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. அது நோயாளிக்குக் கிடைப்பதை எளிதாக்க 2014-ல் சட்டமே திருத்தப்பட்டது.

மிச்சம் இருப்பது அலைச்சல். அது மட்டும் உண்மை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போகிற பஸ் செலவும், கூடப் போகிறவரின் அன்றைய கூலியும் அதில் வராது. அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தொடர் மாத்திரையும் மார்ஃபினும் ஊருக்குப் பக்கத்திலேயே தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்று ஊராட்சி மன்றங்கள் கேட்கட்டும். அதுவரை, அந்த அம்மாவைப் பஸ் ஏற்றிவிடுங்கள்.