மல்லாட்டை என்றால் செயலிக்குத் தெரியுமா?



திண்டிவனம் பக்கத்து உழவர் ஒருவரிடம் நிலக்கடலையைப் பற்றிப் பேசிப் பாருங்கள். அவர் வாயில் 'மல்லாட்டை' என்ற சொல்தான் வரும். விற்பனைக் கூடத்திலோ அது 'மணிலா' ஆகிவிடும். சென்னையில் வேர்க்கடலை, கொங்கு நாட்டில் கடலைக்காய். பெயர்கள் பல, பொருள் ஒன்றே. மனிதர்களுக்கு இதில் குழப்பம் இல்லை.

ஆனால், கைபேசியில் சந்தை விலையைக் காட்டும் ஒரு செயலியை எண்ணிப் பாருங்கள். அதனுள் 'நிலக்கடலை' என்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி வைத்திருந்தால், 'மல்லாட்டை' என்று தேடுபவருக்கு "அப்படி ஒரு பொருள் இல்லை" என்றே அது விடை கூறும். எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள ஊர் திண்டிவனம். டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 முதலிய புகழ்பெற்ற நிலக்கடலை இரகங்கள் இந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அந்த ஊரிலேயே மல்லாட்டை இல்லை என்று ஒரு கருவி சொன்னால் வேடிக்கைதானே! உழவருக்கோ அது வேடிக்கை அன்று. விலை தெரியாதவர், களத்துக்கு வந்த வியாபாரி சொன்ன விலைக்கே மூட்டையைக் கொடுத்துவிடுவார்.

ஆகவே என் கருத்து இது: கைபேசிச் செயலிகளையும் இணையதளங்களையும் எழுதத் தெரிந்தவர்கள் விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களிலேயே உருவாக வேண்டும். அவர்கள் தங்கள் ஊரின் தேவைக்காகவும் எழுத வேண்டும். ஊர்ப்பற்றினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. கணிப்பொறி வேலை செய்யும் முறையே இதற்குக் காரணம்.

எழுத்தெல்லாம் எண்ணே

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். யூனிகோடு என்னும் உலகப் பொது முறையில் ஒவ்வோர் எழுத்துக் குறிக்கும் ஓர் எண் உண்டு. ஆங்கிலத்தின் பெரிய 'ஏ' எழுத்துக்கு 65, நம் 'அ'வுக்கு 2949, 'க'வுக்கு 2965. இந்த எண்களைச் சேமிக்கப் பரவலாகக் கையாளப்படும் யூ.டி.எஃப்-8 என்ற முறையில், ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் இடம் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் தேவை.

'கி' என்பது நமக்கு ஓர் எழுத்து. கணிப்பொறிக்கோ 'க' ஒரு குறி, அதன் மேல் வரும் கொக்கி இன்னொரு குறி. 'கிருஷ்ணமூர்த்தி' என்ற பெயரை எழுதி எண்ணிப் பாருங்கள். நம் கணக்கில் 8 எழுத்துகள். கணிப்பொறியின் கணக்கில் 15 குறிகள். சேமிக்க வேண்டிய இடம் 45 பைட். ஆங்கிலப் பெயர்களை மட்டுமே மனத்தில் கொண்ட ஒருவர், "பெயருக்கு 20 பைட் போதும்" என்று நிரல் எழுதிவிட்டால் என்ன ஆகும்? 6 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். கிருஷ்ணமூர்த்தி, வெறும் 'கிருஷ்' ஆகி நிற்பார்! நிரல் எழுதியவர் தீயவர் அல்லர். தமிழ்ப் பெயரை அவர் ஒருமுறையேனும் உள்ளிட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவே.

அரபு நாடுகளில் நடந்தது

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் ஏற்பட்டதா? தமிழ்நாட்டிலிருந்து பலர் வேலை தேடிச் செல்லும் அரபு நாடுகளைப் பாருங்கள். அரபு மொழிக்கு 28 எழுத்துகள். எழுத்துகள் ஒன்றோடொன்று கை கோத்துக் கொள்ளும். ஒரே எழுத்து சொல்லின் முதலில் ஒரு வடிவம், இடையில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம் எடுக்கும். எழுதுவது வலமிருந்து இடமாக. ஆனால் நடுவே ஓர் எண் வந்தால் அதன் இலக்கங்கள் இடமிருந்து வலமாகவே செல்லும்!

எனவே அரபுச் செயலியில் திரை முழுவதும் கண்ணாடியில் பார்த்தது போல் திரும்ப வேண்டும். 'பின்னால் செல்' என்னும் அம்பு வலப்பக்கம் நோக்க வேண்டும். ஆனால் பாட்டை ஓட விடும் முக்கோணம் திரும்பக் கூடாது. எதைத் திருப்புவது, எதை விடுவது என்பது அம்மொழியில் எழுதிப் படிப்பவருக்கு எளிதில் விளங்கும். ஆண்ட்ராய்டு கைபேசி 2008-இல் விற்பனைக்கு வந்தது. திரை அமைப்பு முழுவதையும் இவ்வாறு வலமிருந்து இடமாக மாற்றும் வசதியோ 2012-இல் வந்த 4.2 பதிப்பில்தான் அதில் சேர்ந்தது.

இணையத்தில் அரபு மொழியிலேயே மின்னஞ்சல் எழுத வழி செய்தவர்களுள் முன்னோடிகள், ஜோர்டான் நாட்டின் அம்மான் நகரைச் சேர்ந்த சமீஹ் தூக்கான், ஹுசாம் கூரி என்ற இருவர். அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் 'மக்தூப்'. அரபியில் 'எழுதப்பட்டது' என்று பொருள். 2009-இல் யாஹூ நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. அதிலிருந்து கிளைத்த 'சூக்' என்ற இணையக் கடையை 2017-இல் அமேசான் வாங்கியது. உள்ளூர்த் தேவையை அறிந்து செய்த பொருளை உலகமே தேடி வந்து வாங்கியது என்பதைக் கவனியுங்கள்.

சொல் விஷயத்திலும் அங்கே நம் மல்லாட்டைக் கதைதான். ரொட்டிக்கு வளைகுடாவில் 'குபூஸ்' என்று பெயர். அங்கிருந்து திரும்பிய உறவினர்கள் இச்சொல்லைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எகிப்திலோ அது 'அய்ஷ்'. அகராதியை மட்டும் நம்பிச் செய்த செயலி, கெய்ரோவிலும் திண்டிவனத்திலும் ஒரே விதமாகத் தடுமாறும்.

சில ஐயங்கள்

"பெரிய நிறுவனங்களின் செயலிகள் தமிழிலும் கிடைக்கின்றனவே?" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், அது நல்லதே. ஆனால் அவர்கள் பல நாட்டு மக்களுக்கும் பொதுவானதைச் செய்வார்கள். திண்டிவனம் விற்பனைக் கூடத்தில் விலையை மூட்டைக் கணக்கில் பேசுகிறார்களா, குவிண்டால் கணக்கிலா என்று தொலைதூரத்தில் இருப்பவர் ஏன் ஆராயப் போகிறார்?

"நிரல் எழுத ஆங்கிலம் வேண்டுமே?" வேண்டும், கற்றுக் கொள்ளுங்கள். ஆனால் அஞ்ச வேண்டாம். நிரல் மொழிகளில் நிலையாக உள்ள ஆங்கிலச் சொற்கள் சில டஜன்களே. கடினமான பகுதி, சிக்கலைப் படிப்படியாகப் பிரித்துச் சிந்திப்பது. அதைத் தமிழிலேயே செய்யலாம்.

"இப்போது இயந்திரமே நிரல் எழுதுகிறதே?" ஆம், எழுதுகிறது. ஆனால் எதை எழுத வேண்டும், எழுதியது சரிதானா என்று சொல்ல ஓர் ஆள் தேவை. இயந்திரம் கைவேலையைக் குறைக்கக் குறைய, ஊரின் தேவையை அறிந்தவரின் மதிப்பு கூடத்தானே செய்யும்?

"எங்கே கற்பது?" விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு என்னும் தன்னார்வலர் அமைப்பு, கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் பற்றி இலவசமாகவே கற்றுத் தருகிறது. 2024 பிப்ரவரியில் வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் சிறிய டைடல் பூங்கா ஒன்றும் திறக்கப்பட்டது. கட்டடம் வந்துவிட்டது, அதில் அயல்நாட்டு வேலைகள் மட்டும் நடக்குமா, நம் வட்டாரத்துக்கான வேலையும் நடக்குமா என்பது உங்களைப் போன்றோர் கையில் இருக்கிறது.

இன்றே செய்யக்கூடியது

இதற்குக் கணிப்பொறி வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மூன்று பத்திகள் போட்டுக் கொள்ளுங்கள். முதல் பத்தியில் பொருளின் பொதுப்பெயர். இரண்டாவதில் உங்கள் ஊரார் வழங்கும் பெயர்கள். மூன்றாவதில் விற்கும் அளவு. மல்லாட்டை, எள், நெல், கரும்பு என்று தொடங்குங்கள். மூட்டைக்கு எத்தனை கிலோ என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பொருளுக்குப் பொருள் அது மாறுவதைக் காண்பீர்கள்.

நூறு வரிகள் சேர்ந்ததும் அந்த நோட்டைப் பாருங்கள். எந்தச் சந்தைச் செயலிக்கும் அடிப்படையாக வேண்டிய அட்டவணை அது. பெருநகரத்து வல்லுநர் ஒருவர் அறையில் உட்கார்ந்தபடி அதைத் தயாரிக்க முடியாது. உங்களால் முடியும். நிரல் எழுதும் கலையை நாளை கற்றுக் கொள்ளலாம்; அட்டவணையை இன்று மாலையே தொடங்கிவிடுங்கள்!