கப்பல் நம்ம ஊர்ல... நம்ம பிள்ளை மட்டும் கேட்டுக்கு வெளியிலயா?

தோழர்களே,

2025 ஜூன் 18. விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். அர்நாலா நம் கடற்படையில் சேர்ந்தது. ஆழமில்லாத கரையோரக் கடலில் நீர்மூழ்கிகளைத் தேடி வேட்டையாடும் 77 மீட்டர் நீளப் போர்க்கப்பல். கொல்கத்தாவின் ஜி.ஆர்.எஸ்.இ. நிறுவனம் எல் அண்டு டி-யோடு சேர்ந்து உருவாக்கியது. கட்டிய இடம் எது தெரியுமா? எண்ணூருக்குப் பக்கத்துல இருக்கிற நம்ம காட்டுப்பள்ளி!

பெருமைதான். ஆனா ஒரு கேள்வி. சென்னையையும் திருவள்ளூரையும் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகள். அங்கே மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு கப்பலின் எஞ்சின் அறைக்குள் கால் வைத்திருப்பார்கள்?

"கப்பலுக்கும் மெக்கானிக்கலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறவர்களுக்கு: எஞ்சின், பம்பு, பைப்லைன், குளிரூட்டல், அதிர்வு எல்லாமே மெக்கானிக்கல் வேலைதான். எஞ்சினிலிருந்து சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டையே எடுத்துக்கோங்க. தரையில் நேராக இருந்தது, கப்பல் தண்ணீரில் இறங்கியதும் உடல் லேசாக வளைவதால் மாறிவிடும். மிதக்கவிட்ட பிறகு மறுபடியும் சரிபார்க்கணும். வெயிலில் இரும்பு விரியும் என்பதால் இரவிலோ விடியற்காலையிலோ அளப்பார்கள். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் புரியுமா? கூட நின்று பார்த்தால்தான் புரியும்.

நடப்பது என்ன? இன்டர்ன்ஷிப் வேணும்னு கல்லூரி சொல்லுது. இடம் தேடுவது மாணவன் தலையில். சிபாரிசு உள்ள பிள்ளை உள்ளே போகுது. முதல் தலைமுறைப் பட்டதாரி, எங்கேயோ காசு கட்டி ஒரு சான்றிதழ் வாங்கி ஃபைலில் வைக்குது.

பட்டம் முடித்தவருக்கு 1961ஆம் ஆண்டு பழகுநர் சட்டம் இருக்கு. 2019 திருத்தத்தில் மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று நிர்ணயித்தார்கள். படிக்கும்போதே கோடை விடுமுறையில் பயிற்சிக்குப் போகிறவனுக்கு? கொடுத்தால் உண்டு, இல்லாட்டி இல்லை. வாடகையும் சாப்பாடும் அப்பா கடன் வாங்கித்தான் கட்டணும்.

"போர்க்கப்பல் ஆச்சே, ரகசியம் ஆச்சே" என்பார்கள். நியாயம்தான். போலீஸ் சரிபார்ப்பு நடத்துங்க. ஆயுதப் பகுதிக்குள் விடாதீங்க. பைப் பட்டறையிலும் வெல்டிங் சோதனையிலும் கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கு.

முடியாத காரியமும் இல்லை. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படிப்பையும் தொழிற்சாலைப் பயிற்சியையும் கோத்து நடத்தும் 'சாண்ட்விச்' பி.இ. நாம் அறிந்ததுதானே? அதைக் கப்பல் தளத்துக்குக் கொண்டுவாங்க.

நாம் கேட்பது நாலே விஷயம்:

🔴 கடற்படைக்குக் கப்பல் கட்டும் ஒவ்வொரு தளமும் ஆண்டுதோறும் மாணவர் பயிற்சி இடங்களை வெளிப்படையாக அறிவிக்கணும்.
🔴 குறைந்தது ஆறு மாதப் பயிற்சி. அதற்குப் பாடத்தில் மதிப்பெண்.
🔴 மாத உதவித்தொகை, தங்குமிடம், விபத்துக் காப்பீடு.
🔴 அரசுக் கல்லூரி மாணவருக்கும், தளத்துக்காக நிலமும் கடலும் விட்டுக்கொடுத்த கரையோர ஊர்ப் பிள்ளைகளுக்கும் முன்னுரிமை.

கப்பலுக்கான ஒப்பந்தப் பணம் மக்களின் வரிப்பணம். அந்தப் பணத்தில் இரும்பு மட்டும் உருவானால் போதாது, ஆளும் உருவாகணும்.

உங்க வீட்டில் மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளை இருக்கா? இன்டர்ன்ஷிப்புக்கு எவ்வளவு அலைந்தீங்க, எவ்வளவு செலவாச்சுன்னு கமெண்டில் எழுதுங்க. பெயர் வேண்டாம், விவரம் போதும். எல்லாத்தையும் தொகுத்து நம் கோரிக்கை மனுவோடு சேர்ப்போம்.

பகிருங்கள் தோழர்களே!

#கப்பல்தளத்தில்_நம்_பிள்ளைகள்