வாசலில் கிடக்கும் செருப்பு

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் முகவரி என்பது ஒரு மரம் மாதிரி. தாராவிக்குள் கேம்ப், கேம்ப்புக்குள் சந்து, சந்துக்குள் வீடு. அந்த வீட்டிலும் கீழே ஒரு குடும்பம், இரும்பு ஏணி ஏறினால் மாடியில் இன்னொரு குடும்பம்.

2024 மார்ச்சில் தாராவியில் மறுசீரமைப்புக்கான வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. அறிவித்த விதிப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே கீழ்த்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மாடியில் இருப்பவருக்குத் தாராவிக்கு வெளியே, அதுவும் தவணையில். ஆக, பட்டியலில் எந்தக் கிளையில் தொங்குகிறோம் என்பதே வாழ்க்கைப் பிரச்னை.

இப்படிப்பட்ட பட்டியலை ஒரே நேரத்தில் இரண்டு பேர் கம்ப்யூட்டரில் திருத்துவதாக வைத்துக்கொள்வோம். சந்தில் நிற்கும் ஊழியர் ஒரு வீட்டின்கீழ் மாடிக் குடும்பத்தைச் சேர்க்கிறார். அதே நிமிடம் அலுவலகத்தில் இருப்பவர், இரண்டு முறை பதிவாகிவிட்டதென்று அந்த வீட்டையே நீக்குகிறார். இருவர் மீதும் தப்பில்லை. ஆனால் மாடிக் குடும்பம் அந்தரத்தில்!

மொத்தப் பட்டியலையும் பூட்டலாம். மற்றவர்கள் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். குடும்பத்தின் பதிவை மட்டும் பூட்டினால், வீட்டை நீக்குபவருக்கு அது தெரியாது. 1970-களில் ஐ.பி.எம்.மில் ஜிம் கிரேயும் சகாக்களும் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அடியில் ஒரு பதிவைப் பூட்டுமுன், மேலே உள்ள ஒவ்வொரு படியிலும் 'உள்ளே வேலை நடக்கிறது' என்று ஓர் அடையாளம் வைக்க வேண்டும். வாசலில் கிடக்கும் செருப்பு மாதிரி. நாலு ஜோடி கிடந்தாலும் ஒன்றுக்கொன்று சண்டையில்லை. வீட்டையே இடிக்க வருபவர் மட்டும் நின்றாக வேண்டும். கிரேக்கு 1998-ல் டூரிங் விருது கிடைத்தது.

சிக்னல் கிடைக்காத சந்தில் பூட்டுப் போட முடியாது. அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பதிப்பு எண் வைப்பார்கள். நாம் எடுத்தபோது 7, சேமிக்கும்போது 8 என்றால், நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். மென்பொருள் மறுக்க வேண்டும். குடும்பத்தின் எண்ணோடு, வீட்டின் எண்ணையும் சந்தின் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் செய்யாத மென்பொருளில் கடைசியாகச் சேமித்தவர் வைத்ததே சட்டம். மளிகைக் கடைக் கணக்கில் அது சில ரூபாய் நஷ்டம். இங்கே ஒரு வீடு. எந்தப் பட்டியலிலாவது உங்கள் பெயரைச் சரிபார்த்தால், நகலோடு இன்னொன்றும் கேளுங்கள்: கடைசியாக இதைத் திருத்தியது யார், எப்போது?